இரண்டாம் கியரைப் பிடித்த கை

சிறுமலைப் பாதையில் பதினோராவது கொண்டை ஊசி வளைவைத் திரும்பி முடிக்கும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்றது. அது புதிதில்லை, மூன்று மாதமாகவே கழன்றுகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு நான் கிளட்சை மிதித்த நொடியில், என் கை போவதற்கு முன்பே, இடது சீட்டிலிருந்து அப்பாவின் வலது கை வந்து கியர்க் குச்சியைப் பின்னால் இழுத்துப் போட்டு அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

"நீ ஸ்டியரிங்கைப் பாரு. இதை நான் பிடிச்சுக்கிறேன்" என்றார்.

பன்னிரண்டாவது வளைவு, பதின்மூன்றாவது, பதினான்காவது. நான் கிளட்சை மிதித்தால் அவர் கை தளரும். நான் விட்டால் அவர் கை இறுகும். பதினெட்டாவது வளைவு தாண்டி மேலே சமதளம் வந்ததும் அவர் கையை எடுத்து, விரல்களை ஒருமுறை உதறிவிட்டு, "டீ குடிப்பமா?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இதை மாற்றியாக வேண்டும்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு, இரண்டு கதவு, இரண்டே சீட்டு, மேலே துணிக்கூரை. என்னைவிட இரண்டு வயது இளையது. புதிதாக விற்ற காலத்திலேயே ஊருக்கு ஒன்று இருந்தால் அதிகம். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த வருடம், மதுரையில் ஒரு பல் டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்து வாங்கினேன். நான் இயந்திரவியல் படித்தவள். வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு பம்பு, வால்வு என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது வேலை. நாளெல்லாம் திரையில் இரும்பைத் திருப்பிப் பார்ப்பவளுக்குக் கையில் தொட ஒரு இரும்பு வேண்டியிருந்தது. எட்டு மாதம் பட்டறையில் கிடந்து, சீட்டு முதல் சைலன்சர் வரை பிரித்துப் பூட்டி, நானும் மெக்கானிக் அண்ணனும் அதை ஓட வைத்தோம்.

ஓடத் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமை தானாக ஒரு ஒழுங்குக்கு வந்தது. அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரும் நானும் மாதா கோயிலில் ஐந்தரை மணிப் பூசை. அம்மா பாடகர் குழுவில் இருப்பதால் எட்டு மணிப் பூசைக்குத்தான் போவார். இடையில் இருக்கும் நேரம் எங்களுடையது. கோயில் வாசலிலிருந்தே கூரையைத் திறந்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். ஒரு வாரம் சிறுமலை. மற்ற வாரங்களில் செம்பட்டி முக்கில் ஒரு டீ, அங்கிருந்து உள் ரோடு பிடித்துச் சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு சுற்று, எட்டரைக்குள் வீடு. அப்பாவுக்கு கார் ஓட்டத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஸ்கூட்டர்தான். ஆனால் அந்த இடது சீட்டில் உட்கார்ந்தால் அவர் முகம் வேறு. பரீட்சை ஹாலில் சுற்றி வரும் வாத்தியார் மாதிரி ரோட்டை ஒரு பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டே வருவார்.

கியர் விஷயத்தை மெக்கானிக் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். "பாப்பா, உள்ள பல்லு தேஞ்சுபோச்சு. இந்த வண்டிக்குச் சாமான் வாரதில்ல. ரெண்டாவதை மறந்துட்டு மூணாவதுல ஏத்திப் பழகிக்க." மூன்றாவதில் சிறுமலை ஏற முடியுமா? நான் முயன்றேன். வண்டி இருமியது. அதனால்தான் அப்பாவின் கை.

அன்று வீட்டுக்கு வந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னேன். "அப்பா, பழசைக் குடுத்துட்டு இதே கம்பெனியோட புது மாடல் எடுக்கப் போறேன்."

அவர் சட்னியைப் பார்த்தபடி, "மாத்தணும்னா மாத்து. இதுல என்ன குறை? கியர் ஒண்ணுதானே. அதான் நான் பிடிச்சுக்கிறேன்ல" என்றார்.

அம்மா விடவில்லை. "ஆளுக்கு ஒரு கியருன்னா அஞ்சு பேரு வேணும். வண்டியில ரெண்டு சீட்டுத்தான் இருக்கு. வெளிய சொல்லிறாதீங்க, கேக்கறவுக சிரிப்பாக."

நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்தேன், ஆனால் நிற்கவில்லை. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் அடுத்த நாள் அது நடந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் கொச்சியில் ஒரு வண்டி சிக்கியது. சொந்தக்காரர் வெளிநாட்டுக்குக் குடிபோகிறார். சாம்பல் நிறம், ஆறு கியர், பழசைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையது. கடற்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியர் 'டக்' என்று விழுந்தது, விழுந்த இடத்தில் நின்றது. அந்த ஒரு சத்தத்துக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

பழசை வாங்க வந்தவர் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்துக்காரர். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். படிக்கிற காலத்தில் இந்த வண்டியை ஒரு தடவை பார்த்து, அன்றிலிருந்து மனதில் வைத்திருந்தாராம். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த அக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "ஏனுங்க, இதுல தேங்கா எங்கீங்க வைக்கறது?" என்று புருஷனைக் கேட்டார். அவர் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

விற்கிற இடத்தில் பேசவேண்டியதை நான் பேசினேன். பேசக்கூடாததை எல்லாம் அப்பா பேசினார். கூரை இடது மூலையில் ஒழுகும். எரிபொருள் முள் கால் டேங்குக்குக் கீழே பொய் சொல்லும். மழையில் வலது வைப்பர் சோம்பேறி. "முக்கியமா ரெண்டாவது கியர். அது நிக்காது. வாங்க, காட்டுறேன்" என்று அவரை ஓட்டச் சொல்லி, தானே இடது பக்கம் ஏறிக்கொண்டார். இரண்டு பேரும் தெருவை மூன்று சுற்று வந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அப்பாவின் கை குச்சிமேல் இருந்தது.

இறங்கியதும் பாலசமுத்திரத்துக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, வண்டியோட நீங்களும் வந்துருவீங்களாங்க?" என்றார்.

அதற்கு அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துடுறேன், ரெண்டு நாள்ல பழகிரும்" என்றார். "அதெல்லாம் வேண்டாமுங்க. கோயமுத்தூர்ல பல்லு வெட்டிப் போட்டுக்கலாமுங்க" என்றார் அவர். அப்பா தலையை ஆட்டினார். பல்லு வெட்டிப் போடலாம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் என்ற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அது உண்மைதான், எனக்கும் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியிருந்தாலும் மாற்றியிருப்பேன். புது மாடல் வேண்டும் என்ற ஆசை கியருக்கு முன்பே முளைத்துவிட்டது, கியர் அதற்கு ஒரு சாக்கு. இதை அவரிடம் சொன்னதில்லை.

வண்டி தெருமுனையில் திரும்பும்போது அப்பா அதையே பார்த்து நின்றார். இரண்டாவதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது, உடனே கழன்ற சத்தமும் கேட்டது. "பிடிக்கலை" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

எனக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று புது வண்டி. இன்னொன்று அதில் இடது பக்கம் அப்பா. முதலாவது வந்து இரண்டாவது வராமல் போனால் நான் வாங்கியதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. இது புது வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறே எனக்குத் தெளிவாகிவிட்டது.

அன்று பூசை முடிந்ததும் மந்திரிப்புக்காகக் கோயில் வாசலில் நிறுத்தினேன். எங்கள் வழக்கத்தில் புது வண்டி எதுவானாலும் பங்குச் சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்காமல் ஊருக்குள் ஓட்டுவதில்லை. ஆர்வத்தில் கூரையைத் திறந்தே வைத்திருந்தேன். சாமியாரும் தாராளமான மனிதர். முன்னால், பின்னால், சக்கரம் என்று தெளித்துக்கொண்டே வந்து, உள்ளேயும் இரண்டு வீச்சு வீசினார். வண்டித் திரையில் கொஞ்சம், மிச்சமெல்லாம் இடது சீட்டில்.

"ஏறுங்கப்பா" என்றேன்.

அப்பா சீட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஈரமா இருக்கு. நீ போய்ட்டு வா. நான் நடந்து போறேன்."

அடுத்த ஞாயிறு மூட்டு வலி. "ரொம்பத் தாழ்வா இருக்கு. உள்ள இறங்கிறலாம், வெளிய ஏற ஆள் வேணும்." அதற்கு அடுத்த ஞாயிறு, எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம். கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆனால் காலைப் பூசை முடிந்ததுமே அதற்குத் தயாராக வேண்டியிருந்தது. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "விடு. அந்தாளு அந்தச் சீட்டுக்கு வேலைக்குப் போய்ட்டிருந்தாரு. நீ வேலையைவிட்டு எடுத்துட்ட" என்றார் அடுப்படியில், குரலைத் தாழ்த்தாமலே.

மூன்று ஞாயிறும் தனியாகத்தான் ஓட்டினேன். வண்டி நன்றாக இருந்தது, குறை சொன்னால் நாக்கு அழுகும். செம்பட்டி ரோட்டில் நான்காவதில் அழுத்தினால் வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு வரும். ஆனால் டீக்கடையில் நின்றால் அந்தச் சிரிப்பைச் சொல்ல ஆள் இல்லை. ஏழரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு வளைவில், முண்டாசு கட்டிய ஒரு அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். அவரை எனக்கு வருடக்கணக்காகத் தெரியும், பெயர்தான் தெரியாது. அந்த ரோட்டோரம் அவர்களுக்கு மானாவாரிக் காடு உண்டு, கொள்ளு போடுவார்கள். தை கடைசியில் கொள்ளுக்கொடியைப் பிடுங்கி ரோட்டில் மெத்தை மாதிரி விரித்துவிடுவார்கள். போகிற வருகிற வண்டி எல்லாம் ஏறி மிதித்தால் காய் வெடித்துப் பருப்பு உதிரும். அப்புறம் கொடியை உதறி எடுத்துவிட்டுக் கூட்டி அள்ளுவார்கள். பஸ்காரர் திட்டிக்கொண்டே ஏற்றுவார், பைக்குக்காரர் ஓரமாக ஒதுங்குவார். நானும் அப்பாவும் மட்டும் சிவப்பு வண்டியில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், மூன்று மிதி மிதித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். அப்பா கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "இந்தப் பக்கம் இன்னும் உதிரலை, ஒடிச்சு ஏத்து" என்று கணக்குச் சொல்வார்.

"ஏத்தா, செவப்பு வண்டிக்காரி மாதிரியில்ல இருக்கு. அந்த வண்டி எங்க?" என்றார் அந்த அக்கா.

"குடுத்துட்டேன்க்கா."

"வாத்தியாரையும் சேர்த்துக் குடுத்துட்டியா?"

அவர் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் கொள்ளு ரோட்டுக்கு வந்துரும். அவரைக் கூட்டிட்டு வா. பஸ்ஸு மிதிக்கிறது ஒரு மிதியா? வாத்தியாரு சொல்லி மிதிச்சாத்தான் சுத்தமா உதிரும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "என்னையக் கேட்டாகளா?"

"உங்களைத்தான் கேட்டாங்க. என்னைய விசாரிக்கக்கூட இல்லை."

நான்காவது ஞாயிறு அவர் வந்தார். முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியில் தொங்கிய செபமாலையை நேராக்கினார். ரவுண்டானா தாண்டி இரண்டாவதுக்கு மாற்றினேன். அவர் வலது கை தானாக எழுந்து வந்தது, குச்சிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"வேண்டாம்ப்பா. அதுவே நிக்கும்."

"தெரியும்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தத் 'தெரியும்' செம்பட்டி வரைக்கும் வண்டிக்குள்ளேயே இருந்தது. நான் ரோட்டைப் பற்றிப் பேசினேன், டீயைப் பற்றிப் பேசினேன். அவர் "ம்" போட்டார். டீக்கடையில் வெளியே வர இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை கதவைப் பிடித்து எழுந்தார். இது அவர் வரும் கடைசி ஞாயிறு என்று எனக்குத் தோன்றிவிட்டது. நன்றாக ஓட்டினால் மனம் மாறுவார் என்று நினைத்திருந்தேன். ஆனால் இந்த வண்டியில் அவர் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

வளைவைத் திரும்பியதும் கொள்ளுக்கொடி கிடந்தது. நாற்பது அடி நீளம், முழங்கால் உயரம், காய்ந்து பழுப்பேறி. அக்காவும் இன்னும் இரண்டு பேரும் ஓரத்தில் கவைக்கம்போடு நின்றார்கள். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "வலது பக்கம் ஏத்து. அங்கதான் மொத்தமா கிடக்கு" என்றார். புது வண்டிக்குள் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். நான் யோசிக்கவே இல்லை. ஐந்து வருடப் பழக்கம், கால் தானாக வேலை செய்தது. முன்னே ஒரு மிதி. பின்னே ஒரு மிதி. மறுபடி முன்னே. அடியில் சரசரவென்று ஒரு சத்தம், பழைய வண்டியில் கேட்காத சத்தம். கையைக் காட்டிவிட்டு மெதுவாகக் கிளம்பினோம்.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா மூக்கை உறிஞ்சினார். "யாரோ கொள்ளு வறுக்கிறாங்க."

எனக்கும் அடித்தது. நல்ல வாசம், வாணலியில் வறுபடும் பதமான வாசம். "துவையலுக்கா இருக்கும்ப்பா."

"ரசத்துக்கு இம்புட்டு வறுக்க மாட்டாங்க. துவையல்தான்." செத்த நேரம் இரண்டு பேரும் அந்தத் துவையலை நினைத்துக்கொண்டே போனோம். அப்பா சுற்றிப் பார்த்தார். "இங்க வீடே இல்லையே."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் புகை.

வண்டியை ஓரம் கட்டி, அணைத்து, இறங்கி ஓடி வந்து குனிந்தேன். பழைய வண்டிக்கு அடியில் ஒரு கோழி நிமிர்ந்து நடக்கும். இதற்கு அடியில் கை நுழைந்தால் பெரிது. கொடி எல்லாம் சுருட்டிக்கொண்டு போய், அடித்தட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு பொறி. பின்னாலிருந்து அந்த மூன்று பேரும் ஓடி வந்தார்கள், ஒருவர் கையில் தண்ணீர்க் குடம்.

அப்புறம் நான் பார்த்தது இதுதான். மூட்டு வலி என்று சொன்னவர், வெளியே வர ஆள் வேண்டும் என்று சொன்னவர், பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்குக் கீழே தலையை விட்டிருந்தார். எப்போது இறங்கினார் என்று எனக்குத் தெரியாது.

"கம்பைக் குடுங்க. கவை உள்ள போகட்டும். தண்ணியை ஊத்தாதீங்க, கொடியை மொதல்ல இழுங்க. பாப்பா, நீ அந்தப் பக்கம் போன் லைட்டை அடி. இடது பக்கம் சுத்தியிருக்கு, வலது பக்கம் சும்மா சொருகியிருக்கு. வலதை மொதல்ல எடுத்தா இடது தானா வரும்."

அப்படியே வந்தது. ஒரு சாக்கு நிறையக் கொடி. வெளியே இழுத்துப் போட்டதும் காற்றுப் பட்டு ஒரு தடவை குப்பென்று எரிந்தது, அக்கா குடத்தைக் கவிழ்த்தார். அடித்தட்டில் இரண்டு பிளாஸ்டிக் பிடிப்புகள் உருகியிருந்தன. அதற்கு மேல் சேதம் இல்லை. அப்பா புரண்டு எழுந்து உட்கார்ந்தார். சட்டை முதுகு முழுக்கத் தார்ப்பொடி, தலையில் கொள்ளுச் சருகு.

அக்கா வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "காசைக் குடுத்துக் குட்டையா வாங்கியிருக்கியே தாயி. உசரமா ஒண்ணும் கிடைக்கலையா?"

அப்பா சிரித்தார். ரோட்டில் உட்கார்ந்தபடி, இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். "நல்லாக் கேளுங்க. படிச்ச புள்ளை" என்றார். எனக்கு முகம் சுட்டது, ஆனாலும் எனக்கும் அடக்க முடியவில்லை. போகும்போது அந்த அக்கா, கருகிய கொடியில் உதிர்ந்த கொள்ளை ஒரு கை அள்ளி அவர் கையில் கொடுத்தார். "வறுத்தாச்சு வாத்தியாரய்யா. துவையலுக்கு எடுத்துட்டுப் போங்க."

திரும்பும்போது கிளம்பி நூறடி போகவில்லை, அப்பா பேசத் தொடங்கிவிட்டார். "நிறுத்து. முன்னாடி வேகத்தடை, வெள்ளை அடிக்காதது. நேரா ஏறாத, குறுக்கா ஒவ்வொரு சக்கரமா ஏத்து." ஏற்றினேன், தட்டவில்லை. "அடுத்து பாலத்துக்கு இந்தப் பக்கம் இடது ஓரம் பள்ளம், நடு ரோட்டுல வா." நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "ரோட்டைப் பாரு" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பூசைத் தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்திருந்தார். தூரம் காட்டும் எண்ணைப் பார்ப்பார், எழுதுவார். செம்பட்டி வருவதற்குள் தாள் நிறைந்துவிட்டது. டீக்கடையில் ஒரே முயற்சியில் வெளியே வந்தார். எப்படி வந்தார் என்று அவரே கவனிக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் மர அடிக்கோலோடு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "பன்னிரண்டு புள்ளி நாலு சென்டிமீட்டர். நீ உட்கார்ந்தா இன்னும் அரை குறையும். நானும் உட்கார்ந்தா ஒண்ணேகால் குறையும்." ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தார். இடது பத்தியில் தூரம், நடுவில் அடையாளம், வலதில் என்ன செய்ய வேண்டும். வேகத்தடைக்கு ஒரு முக்கோணம். பள்ளத்துக்கு ஒரு வட்டம். கொள்ளு விரிக்கும் இடங்களுக்கு மூன்று புள்ளி. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நான் கும்பிட்டு வெளியே வருவதற்குள் அவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டு, நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தார். வலது கை பேனாவில். குச்சிப் பக்கம் வரவே இல்லை.

அந்த வாரந்தான் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு படம் வந்தது. சிவப்பு வண்டி தென்னை நிழலில், பக்கத்து சீட்டில் அந்தத் தோப்புக்கார அக்கா, காலடியில் நாலு தேங்காய். கீழே ஒரு வரி: 'இரண்டாவது கியர் நிக்குதுங்க.' அப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். "நல்லதாப் போச்சு. அந்தம்மா கை சும்மா இருக்கும்" என்றார். அதில் வருத்தம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. நோட்டைத் திருப்பினார், அதுவும் போய்விட்டது.

என்னால் சும்மா இருக்க முடியாது. அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் போனில் தேடினேன். கோயம்புத்தூர்ப் பக்கம் சாதாரண ரோட்டில், சாதாரண வேகத்தில் நடத்தும் போட்டி ஒன்று இருக்கிறது. வேகமாகப் போகிறவர் ஜெயிப்பதில்லை. சொன்ன இடத்துக்குச் சொன்ன நொடியில் போய்ச் சேர வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. ஒரு வண்டிக்கு இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் ஓட்ட, ஒருவர் வழி படித்துக் கணக்குப் போட. விதிகளை அப்பாவிடம் சத்தமாக வாசித்தேன்.

"இதுக்குப் போட்டி வேறயா நடத்துறாங்க?"

"நடத்துறாங்கப்பா. அடுத்த மாசம். பேரு குடுக்கட்டுமா?"

அவர் பேனாவை எடுத்தார். "சராசரி முப்பத்தாறுன்னு வை. ஒரு கிலோமீட்டருக்கு நூறு செகண்டு. நடுவுல ரயில்வே கேட்டுப் போட்டு மூணு நிமிஷம் நின்னா, மிச்சத்தை எத்தனை கிலோமீட்டர்ல பிடிக்கணும்? மேடா இருந்தா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

"யாரு ஓட்டுறது, யாரு படிக்கிறதுன்னு சண்டை வராதே?" என்றார் அம்மா, பாட்டுப் புத்தகத்தை மடித்து வைத்தபடி. "வராது. அவளுக்குக் கணக்கு வராது" என்றார் அப்பா. எனக்குக் கணக்கு வரும். மறுத்துப் பேசவில்லை.

பெயர் கொடுத்தாயிற்று. அதற்கு முன் ஒரு ஒத்திகை, வரும் ஞாயிறு. செம்பட்டி முக்கில் சரியாக ஆறு ஐம்பதுக்குக் கிளம்பி, சேவுகம்பட்டி வளைவு வரை சராசரி முப்பத்தாறு. வேகம் காட்டும் முள்ளைத் துண்டு போட்டு மூட வேண்டும் என்கிறார் அப்பா. தூரமும் கடிகாரமும் அவரிடம், ரோடு என்னிடம். அவர் "கூட்டு" என்றால் கூட்ட வேண்டும், "குறை" என்றால் குறைக்க வேண்டும். கொள்ளு கிடந்தால் முன்கூட்டியே இறங்கி, அக்காவிடம் சொல்லி ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்வதற்கு நாற்பது செகண்டு தனியாக ஒதுக்கியிருக்கிறார். ஐந்து செகண்டு வித்தியாசத்துக்குள் போய்ச் சேருவோம் என்று நான் சொல்கிறேன். அவர் இரண்டு என்கிறார்.